வீணாக்காமையும் ஒரு விரதமே

இல்லத்தில் நாள்தோறும் நாம் புழங்கும் நீரும் நெருப்பும் துணியும் சோறும் பற்றியதே இவ்வுரை. ‘இவற்றில் சமயம் எங்கே இருக்கின்றது?’ எனச் சிலர் வினவக்கூடும். இவற்றில்தான் இருக்கின்றது என்பதை நமக்கு முதன்முதலில் உணர்த்தியவர் முனிவரும் அல்லர், பண்டிதரும் அல்லர். ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியே உணர்த்தினாள்.

சிறுமியின் வினா

1984ஆம் ஆண்டு நாம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியப் பணியில் இருந்தோம். ஒருநாள் உயிர்களின் வகைகளைப் பற்றிய பாடம். புல்லும் மரமும் ஓரறிவுடையவை என்று தொடங்கி, எறும்பு, வண்டு, விலங்கு, மனிதர் என வரிசையாகக் கரும்பலகையில் எழுதினோம். எழுதும்போதே பேச்சுவாக்கில், “எங்கள் சமயத்தில் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு எனச் சொல்வார்கள்” என்றும் கூறிவைத்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். “டீச்சர், அப்படியானால் நம் பள்ளிக் குழாயில் இரவும் பகலும் உயிர் சொட்டிக்கொண்டே இருக்கின்றதே, அது பாவமில்லையா?” என்று கேட்டாள்.

அக்குழாய் ஒழுகத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நாமும் நாள்தோறும் அதனைக் கடந்தே வகுப்பறைக்குச் சென்றோம். விடை கூற இயலாமல், “நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லி அமர்ந்தோம். அன்று மாலை 5 மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டு குழாயின்கீழ் ஒரு குடம் வைக்கச் செய்து, மறுநாள் காலை 9 மணிக்கு அளந்து பார்த்தோம். 16 மணி நேரத்தில் 12 லிட்டர் நீர் சேர்ந்திருந்தது. ஒரு நாளைக்கு 18 லிட்டர், ஓர் ஆண்டுக்கு 6,570 லிட்டர் எனப் பிள்ளைகளே கணக்கிட்டார்கள். 12 லிட்டர் கொள்ளும் குடத்தில் அது 547 குடங்கள். அந்த ஊர்ப் பெண்கள் கோடைக்காலத்தில் ஒரு குடம் நீருக்காக வயல் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. குழாயைச் செப்பனிடத் தேவைப்பட்டதோ ஒரு சிறு ரப்பர் வளையம்; ஆன நேரம் கால் மணி. அத்தனை மாதங்கள் அதனைச் செய்யாதிருந்தமைக்கு நம்மிடம் ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமை ஒன்றே அதற்குக் காரணம்!

பயனுள்ள செயலும் பயனில்லாத் தீங்கும்

அன்றிரவு ஆசாரிய சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் பொருளுரையை எடுத்துப் படித்தோம். அந்நூல் வழி நின்று நம் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பினை நம் முன்னோர் இல்லந்தோறும் ஓதி வந்தமை நீங்கள் அறிந்ததே. இல்லறத்தாரின் பன்னிரண்டு விரதங்களுள் ஐந்து அணுவிரதங்களுக்கு அடுத்து வருவன மூன்று குணவிரதங்கள். அவற்றுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். ‘அர்த்தம்’ என்பது பயன்; ‘தண்டம்’ என்பது மனமொழிமெய்களால் பிற உயிர்க்குச் செய்யும் தீங்கு. பயன் ஏதுமின்றிச் செய்யும் தீங்கே அனர்த்த தண்டம். அதனை விடுவது இவ்விரதம்.

அனர்த்த தண்டம் ஐவகைப்படும். பாவத்திற்குத் துணையான அறிவுரை கூறுதல், கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல், பிறர்க்குக் கேடு நினைத்தல், மனத்தைக் கெடுக்கும் சொற்களைக் கேட்டல் என்பன நான்கு. ஐந்தாவது பிரமாதசரியை, அஃதாவது, கருத்தின்றி மடிமையால் நடத்தல். இதற்கு ஆசாரியர் தரும் விளக்கம் வியப்புக்குரியது. தேவையின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல், வீணே அலைந்து திரிதல் ஆகியவை அதில் அடங்கும். சுற்றுச்சூழல் என்ற சொல் நம் காதில் விழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஒழுகும் குழாய் நம் விரதப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது!

இல்லறத்தார் தீங்கினை அறவே விட இயலாது என்பதையும் நம் அறநூலோர் நன்கு அறிந்திருந்தனர். சமைத்தல், பெருக்குதல், துவைத்தல் ஆகியவற்றில் நிகழ்வதனை ஆரம்ப இம்சை என்றனர்; உழவிலும் தொழிலிலும் நிகழ்வதனை உத்தியோக இம்சை என்றனர். இவற்றை இயன்றவரை குறைக்குமாறு பணித்தனரே அன்றி, உண்ணாதே, உழாதே என்று கூறவில்லை. ஒரு குடம் நீரைக் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்தினால் நம் வாழ்வு அதனால் நடக்கின்றது. அதே நீர் சாக்கடையில் ஓடினால் யாருடைய வாழ்வு நடக்கின்றது? வினை வந்து சேர்கின்றது, பயன் வரவில்லை. ஊதியமே இல்லாத வாணிகத்தை நம் வீடுகளில் நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கின்றோம்.

அன்னையாரின் வடிதுணி

நம் அன்னையார் வந்தவாசிப் பகுதியில் பிறந்து வாழ்ந்தவர், பள்ளிக்கூடம் அறியாதவர். கிணற்றில் நீர் இறைத்ததும் மடித்த துணியால் வடிகட்டுவார். பின்னர் அத்துணியைத் திருப்பி, வடித்த நீராலேயே அலசி, அந்நீரை வாளியில் மெல்ல இறக்கி அதே கிணற்றில் விடுவார். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் தாம் பிறந்த இடத்திற்கே திரும்ப வேண்டும் என்பது முறை. துணியோ, உடுத்து நைந்த சேலையின் துண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து 1970இல் ஊர் திரும்பிய நமக்கு அது நாணத்தைத் தந்தது. உறவினர் வரும் நாளில் அந்தச் சாயம்போன துணியை அடுக்குப் பானைகளுக்குப் பின்னே மறைத்து வைத்தோம். அன்னையார் அதனைத் தேடி எடுத்துக்கொண்டு, “துணிதான் பழையது அம்மா; அதில் தங்கும் உயிர் பழையதா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியைப் படித்தோம். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில் நடந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் பல மடிப்பாக மடித்த சேலையால் வடிகட்டிப் பருகிய ஊர்களில் வாந்திபேதி நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாம். அந்நோயின் கிருமிகள் நீரில் வாழும் மிகச் சிறிய உயிர்களைப் பற்றிக்கொண்டு இருப்பதால், அவ்வுயிர்கள் துணியில் தங்கும்போது கிருமிகளும் பெருமளவு தங்கிவிடுகின்றன. புதிய சேலையைக் காட்டிலும் பழைய சேலையே சிறந்தது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. பலமுறை துவைத்த நூலிழைகள் தளர்ந்து விரிவதால் இடைத்துளைகள் சுருங்குகின்றன. துணி ஒன்றே எல்லா நோயையும் தடுத்துவிடாது. வடித்தபின் காய்ச்சுதலும் வேண்டும். ஆயினும், நாம் மறைத்து வைத்த அந்த நைந்த துண்டு எத்துணை அறிவுடைய பொருள் என்பதனை உணர்ந்து அன்று கண்கலங்கினோம்.

குழாய் எங்கே போகின்றது?

இவ்வளவும் அறிந்த பின்னராவது நாம் திருந்தினோமா? பணி ஓய்வுக்குப் பின் சென்னையில் மகன் இல்லத்தில் வாழத் தொடங்கினோம். அங்கு ஆர்.ஓ. எனப்படும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி சுவரில் மாட்டப்பட்டிருந்தது. வடிதுணிக்கு வேலையில்லை என மகிழ்ந்து, பல ஆண்டுகள் அந்நீரைப் பருகினோம். அகிம்சை பற்றிச் சொற்பொழிவும் ஆற்றிவந்தோம்.

2019ஆம் ஆண்டுக் கோடை வந்தது. சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. தண்ணீர் லாரிக்காக நள்ளிரவிலும் மக்கள் குடங்களுடன் காத்திருந்தனர். அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்நாட்களில் ஒருநாள் மருமகள் நம்மை அழைத்து, “அத்தை, இந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு சிறு குழாய் போகின்றதே, அது எங்கே போகின்றது என்று பார்த்திருக்கின்றீர்களா?” என்றாள். அது கழுவுதொட்டியின் அடியில் சாக்கடைக்குச் சென்றது. அதன்கீழ் வாளி வைத்து அளந்தோம். ஒரு குடம் குடிநீருக்கு இரண்டு குடத்திற்கும் மேலாக நீர் வெளியேறியது. பள்ளிக் குழாயை அளந்த அதே ஆசிரியை, தம் வீட்டுக் குழாயை அளக்க 35 ஆண்டுகள் ஆயின! அன்று அவ்வினாவைக் கேட்டவள் மாணவி. இன்று கேட்டவள் மருமகள். இரு முறையும் தலைகுனிந்தவர் நாமே.

இப்போது அந்நீர் வாளியில் சேர்க்கப்பட்டு, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பாத்திரங்களை ஊறவைக்கவும் பயன்படுகின்றது. உப்பு மிகுந்த நீராதலால் செடிகளுக்கு அதனை ஊற்றுவதில்லை. நீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் இக்கருவி தேவையில்லை என்ற கருத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் வலியுறுத்தியது. ஆகவே கருவி வாங்குமுன் நீரைச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை. மழைநீர் சேகரிப்புத் தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டு மாடிக்குழாய் இன்றும் தொட்டியில்தான் இறங்குகின்றதா, அன்றி அடைபட்டுத் தெருவில் வழிகின்றதா என மழைக்கு முன் ஒருமுறை சென்று பார்ப்பதும் விரதத்தின் பகுதியே.

தீயும் காற்றும்

தீயினை வீணே மூட்டாமை சமையலறையில் தொடங்கும். பருப்பையும் பயற்றையும் முன்னரே ஊறவைத்தல், வேகும் பாத்திரத்தை மூடிவைத்தல், காய்கறிகளை அரிந்து எல்லாம் எடுத்துவைத்த பின்னரே அடுப்பைப் பற்றவைத்தல் ஆகிய இவை நம் பாட்டிமார் விறகுக்காகச் செய்தவை. எரிவாயு வந்ததும் கைவிட்டோம். நம் மரபின் இரவுண்ணாமையும் இங்கு நினைக்கத்தக்கது. பகலொளியில் சமைத்துப் பகலொளியில் உண்டால், விளக்கைத் தேடி வந்து உணவில் விழும் பூச்சிகளும் பிழைக்கும், விளக்கும் மிச்சமாகும்.

ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறி, ஆசாரியர் கூறிய ‘வீணே காற்றை அலைத்தல்’ அன்றோ? 60 வாட் குண்டுவிளக்குத் தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடுகின்றது. அதற்காக அதனை நாள்முழுதும் எரியவிட்டால் மிச்சம் எங்கே? குப்பையோடு நெகிழிப் பைகளைச் சேர்த்துக் கொளுத்துவது தீக்கும் காற்றுக்கும் ஒருங்கே செய்யும் கொடுமை. அப்புகையில் நஞ்சு கலந்துள்ளது. அதனை முதலில் உள்வாங்குபவர் கொளுத்தியவரும் அவர் வீட்டுக் குழந்தைகளுமே ஆவர்.

நிலமும் மரமும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் வந்தும் நம் கை இன்னும் நெகிழிப் பையை நோக்கியே நீள்கின்றது. உணவுக் கழிவைக் கட்டி எறிந்த அப்பையை அப்படியே விழுங்கிய பசு, செரிக்க வழியின்றி வயிறு ஊதி மாள்கின்றது. பசுவைக் கொல்ல நாம் எண்ணவில்லை. ஆனால் எண்ணாமையே பிரமாதம் என்பதனை மறத்தலாகாது. திருத்தலங்களுக்குச் செல்லும்போதும் ஜினாலய விழாக்களிலும் உணவு வழங்கும்போதும், வாழையிலையும் தையலிலையும் துலக்கிய தட்டுகளும் குவளைகளும் போதுமானவை.

உணவுக் கழிவை மட்கவைத்து எருவாக்கலாம் என்றால், “அதிலும் புழுக்கள் தோன்றி மாயுமே” என நம்மவர் சிலர் ஐயுறுவர். நல்ல ஐயமே. அதற்கு முதல் விடை, கழிவே உண்டாகாதவாறு அளந்து சமைத்தல். அதன் பின்னும் எஞ்சும் தோலும் காம்பும் எங்கேனும் அழுகத்தான் போகின்றன. நெகிழிப் பையில் கட்டிக் குப்பைமேட்டில் அழுகவிட்டால் உயிர்த்தோற்றமும் மிகுதி, கேடும் மிகுதி. உலர்ந்த சருகும் மண்ணும் இட்டு, மூடி, கிளறாது விட்டால் தீங்கு குறையும். மண்ணுக்கு வளமும் சேரும்.

சோற்றை எறிதலில் ஐந்து தண்டமும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. நம்மவருள் பெரும்பாலோர் உழவர் மரபினர் ஆதலின் இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. நிலம் உழப்பட்டது, நீர் பாய்ச்சப்பட்டது, பயிர் அறுக்கப்பட்டது, உமி காற்றில் தூற்றப்பட்டது, தீ மூட்டப்பட்டது. ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும் என வேளாண் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். திருமணப் பந்தியில் ஒரு கைப்பிடிச் சோற்றை இலையில் மூடிவிட்டு எழுபவர், பல குடம் நீரைக் கவிழ்த்துவிட்டு எழுகின்றார். விருந்தோம்பும் வீட்டார் கேட்டுக் கேட்டுப் பரிமாறுதலும், உண்போர் வேண்டிய அளவே கேட்டுப் பெறுதலும் நாகரிகம் எனக் கொள்வோமாக.

சிக்கனமும் கருமித்தனமும்

“இத்தனை கணக்குப் பார்த்தால் கருமி என்று சொல்ல மாட்டார்களா?” என்று ஓர் இளம்பெண் நம்மிடம் கேட்டாள். கருமி தனக்காகச் சேர்க்கின்றான். சேர்த்தது பெருகப் பெருக அவன் பற்றும் பெருகுகின்றது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு அவன் நேர்ப்பகைவன். சிராவகியின் சிக்கனமோ, உயிர்களின் துன்பத்தைக் குறைப்பதற்காகத் தன் தேவையைக் குறைப்பது. மிஞ்சியதை அவள் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு உரியதாக்குவாள். விளக்கை அணைத்து மிச்சப்படுத்திய பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளைக்கு நோட்டுப்புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அது சாத்திர தானத்தின்பாற்படும். அதே பணத்தில் பத்தாவது பட்டுச்சேலையை வாங்கினால் சிக்கனம் அங்கேயே செத்துவிடும்.

நம் முனிவர் பெருமக்கள் வைத்திருக்கும் பொருட்களைப் பாருங்கள். மயில் தானே உதிர்த்த பீலி ஒன்று, கமண்டலம் ஒன்று, ஓதும் நூல் ஒன்று. அக்கமண்டலத்தை உற்று நோக்கினால், நீரை ஏற்கும் வாய் அகன்றும், நீரை வெளிவிடும் மூக்கு ஒடுங்கியும் இருக்கும். இல்லறத்தாருக்கு அதனினும் சிறந்த வரவுசெலவுப் பாடம் வேண்டுமோ? நம் வீட்டுக் குழாய்களின் வாயும் பணப்பையின் வாயும் இன்று எவ்வாறு இருக்கின்றன என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒரு நியமம்

வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம்; காலவரையறையுடன் ஏற்பது நியமம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுமாறு நாம் கூறவில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த நாள்முதல் அடுத்த இதழ் வரும் வரை, அஃதாவது மூன்று திங்களுக்கு, ஒரே ஒரு நியமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இலையில் பருக்கை விடாமையாகலாம். கடைக்குத் துணிப்பையின்றிச் செல்லாமையாகலாம். அறையை விட்டு நீங்குமுன் விளக்கையும் விசிறியையும் அணைத்தலாகலாம். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். குழந்தைகளையே கணக்கெழுதச் செய்யுங்கள். அவர்கள் நம்மைக் காட்டிலும் கண்டிப்பான ஆசிரியர்கள்.

நம் பிள்ளைகள் ஊரை விட்டு நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஜினாலயம் அருகில் இல்லாத இடத்தில் அவர்களுக்கு நம் சமயம் எவ்வாறு நிலைக்கும் என்று பெற்றோர் பலர் கவலையுறுகின்றனர். அடுக்களை இல்லாத வீடு உண்டோ? குழாய் இல்லாத வீடு உண்டோ? நாம் அங்கே செய்து காட்டினால் அறம் அங்கேயே நிலைக்கும். அங்கே கைவிட்டால், நாம் சொல்லிக்கொடுத்த தோத்திரங்கள் அவர்கள் நாவில் மட்டுமே தங்கும்.

இரவில் உறங்குமுன், அன்று செய்த பிழைகளை எண்ணி வருந்தும் பிரதிக்கிரமணத்தில் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்வோம்: ‘இன்று பயன் ஏதுமின்றி எவ்வுயிரை வருத்தினோம்?’ நாமும் நாள்தோறும் இதனைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒவ்வோர் இரவும் ஏதேனும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. கேட்டுவிட்டு எழுந்து சென்று, சமையலறைக் குழாயை ஒருமுறை இறுக மூடிவிட்டு வந்து படுக்கின்றோம்.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!